வராதவர்கள் விட்ட இடம்

என் மகனுக்கு ஒவ்வொரு தடுப்பூசி போடும்போதும் அந்த ஊசியைப் பற்றி முழுவதும் படித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே நர்ஸம்மா முகம் மாறும். தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நினைத்துத்தான் படிக்கிறேன். இதுவரை குறைந்ததில்லை, ஆனால் படிக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை.

அதனால், ஆறாம் வகுப்பில் அவன் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் சேரப்போவதாகச் சொன்னபோது, மற்ற அம்மாக்கள் எந்தக் கடையில் ஷூ வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்க, நான் போனை எடுத்து இந்திய ஆண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றைத் தேடினேன். இந்த ஆட்டத்தை நம் நாட்டில் உச்சிவரை போய் ஆடியவர்கள் யார், அவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் அப்போது என் தோள் உயரம்கூட இல்லை. நான் அவனுடைய ஓய்வுக்காலத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் கட்டம் போட்ட அட்டவணைகள்தான் வந்தன. எந்த வருடம், எந்த ஊர், எத்தனையாவது இடம். அறுபதுகளில் ஆசியப் போட்டிக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். எழுபதுகளில் ஒருமுறை நான்காவதாக வந்திருக்கிறார்கள். அதுதான் இன்றுவரை உச்சம். உலகக் கோப்பையில் ஒருமுறைகூட ஆடியதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் சீனாவை அவர்கள் ஊரிலேயே வைத்து ஜெயித்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் உலை பொங்கி வழிந்தது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒலிம்பிக் அட்டவணை. வரிசையாகக் கோடு, கோடு, கோடு என்று வந்து, நடுவில் ஒரே ஓர் எண் இருந்தது. எண்பதாம் வருடம் மாஸ்கோ, பன்னிரண்டாம் இடம். அதன் பிறகு மறுபடியும் கோடுகள். ஆடியதே பன்னிரண்டு அணிகள்தான் என்பது கொஞ்சம் கீழே படித்தபோது தெரிந்தது. அந்த வருடம் அரசியல் சண்டை காரணமாகப் பல நாடுகள் மாஸ்கோவுக்கு வர மறுத்துவிட்டன. இடம் காலியானதால் இந்தியாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போனார்கள். ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றார்கள். திரும்பி வந்தார்கள்.

அவ்வளவுதான் எழுதியிருந்தது. எனக்கு அது போதவில்லை. விமானத்தில் ஏறும்போது, வேறொருவர் விட்ட இடத்துக்குப் போகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்குமா? திரும்பி வந்து அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகு, நான் ஒலிம்பிக்கில் ஆடியவன் என்று சத்தமாகச் சொல்லியிருப்பார்களா, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பார்களா? அந்த ஆட்டங்களில் ஒரு காட்சியாவது கிடைக்குமா என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

கடையிலிருந்து சாப்பிட வந்த கணவரிடம் இதைச் சொன்னேன். எங்களுக்கு அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புச் சாமான் கடை. அவர் சோற்றைப் பிசைந்தபடி, தோற்றதைப் போய் யாராவது உட்கார்ந்து படிப்பார்களா, ஜெயித்ததைப் படிக்கலாமே என்றார். ஜெயித்தது சீக்கிரம் முடிந்துவிட்டது என்றேன்.

அலுவலகம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. மகனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்து பி.டி. சார் மாணவராக இருந்தபோது, தெற்கத்தி ஊர்களில் கோடை விடுமுறையில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் போட்டிகளுக்குப் போவாராம். நாட்டுக்கு ஆடியவர்கள் அங்கே ரயில்வேக்காகவும் ராணுவத்துக்காகவும் ஏதாவது வங்கிக்காகவும் ஆடுவார்களாம். ஆட்டம்தான் வேலை வாங்கிக் கொடுக்கும். பிறகு அந்த வேலைதான் ஆட வைக்கும். முதல் நாள் ராத்திரி வளையத்தைப் பிடித்துத் தொங்கியவர் மறுநாள் காலையில் ரோட்டோரக் கடையில், பெஞ்சுக்கு அடியில் காலை மடக்க முடியாமல், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று பி.டி. சார் சொன்னார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து உயரமான மனிதர் யாரையும் என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. விருதுநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர் உட்கார்ந்த நிலையிலேயே என் உயரம் இருந்தார். பின்னால் வரிசை நிற்பதையும் மறந்து, சார் நீங்க பாஸ்கட்பால் ஆடுவீங்களா என்று கேட்டுவிட்டேன். அவர் மீதிச் சில்லறையைத் தள்ளிவிட்டு, “இல்லம்மா. கேரம்” என்றார். என் மகன் ரயில் வரும்வரை பக்கத்தில் வரவில்லை.

எங்கள் எதிர் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு மிளகாய் வத்தல் மண்டி. அவர்கள் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் சர்ச்சுக்கு. அவளுடைய மகனும் என் மகனும் ஒரே வகுப்பு, ஒரே அணி. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். காலையில் தறிகள் ஓடத் தொடங்கும் நேரத்துக்கு இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் அதில் கால் வைக்க முடியாது. பந்தைத் தட்டும் சத்தம் தறிச் சத்தத்தோடு கலந்து தெரு முனைவரை கேட்கும். சத்தத்தை வைத்தே எது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். ஒரே சீராக வருவது அக்கா மகன். வேகமாக வந்து திடீரென்று நின்றுபோவது என் மகன்.

அக்கா மகன்தான் நன்றாக ஆடுவான். இதை நான் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. பார்க்கிற யாருக்கும் தெரியும். என் மகனைப் பார்க்கப் போய், அவனைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

ஏழாம் வகுப்பு முடியும் சமயத்தில், பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். கோயம்புத்தூரில் போட்டி. பன்னிரண்டு பேர் அணியில் அக்கா மகன் ஒருவன். என் மகன் பதின்மூன்றாவது ஆள். யாராவது போக முடியாமல் போனால் கூப்பிடுவார்கள். எனக்கு உள்ளூர நிம்மதி. ஆடவும் செய்கிறான், வெளியூர் போய்த் தண்ணீர் மாற்றிக் குடிக்கவும் வேண்டாம்.

பி.டி. சார் இரண்டு வீட்டுக்கும் வந்து, பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை கொடுக்கச் சொன்னார். எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள், கவிச்சி கிடையாது. அக்கா வீட்டில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டப்போகிறார்கள், அங்கேயும் கிடையாது. இந்த ஊரில் ஒரு பங்குனி மாதத்தில் வந்து முட்டை கேட்கிற ஆள் நீங்கள்தான் என்று அக்கா சிரித்தாள். சார் சுண்டலுக்கு இறங்கி வந்தார்.

அப்புறம்தான் போட்டி நடக்கும் நாட்கள் தெரிந்தன. சரியாகக் காப்புக் கட்டியதற்குப் பிறகு.

எங்கள் ஊரில் இது தெரியாத வீடு கிடையாது. காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ராத்திரி ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். பகலில் மதுரைக்குப் போய்ச் சரக்கு எடுத்தாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அதிலும் நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அசையவே மாட்டார்கள். போன வருடம் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது, பிழைத்து எழுந்தால் அடுத்த பொங்கலுக்கு அவன் கையாலேயே தீச்சட்டி எடுப்பதாக அக்கா நேர்ந்திருந்தாள். அந்த நாட்களில் அவன் முகத்தை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அவள் நேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நானும் எங்கள் வீட்டில் முழங்காலில்தான் இருந்தேன்.

ஆனாலும் படித்தவள் என்கிற நினைப்பு என்னைச் சும்மா விடவில்லை. கோயம்புத்தூருக்கு எந்தெந்த நேரத்தில் பஸ் என்று பார்த்து, தினமும் காலையில் போய் ராத்திரி திரும்ப முடியுமா என்று கணக்குப் போட்டேன். முடியாது. பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே, சின்னப் பிள்ளைதானே, அடுத்த வருடம் எடுக்கலாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“கேட்டா சரின்னுதான் பிள்ள சொல்லுவாக. அவுகளா நேந்தாக? நாந்தான நேந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன்.

காப்புக் கட்டிய மறுநாள் பி.டி. சார் போன் செய்தார். அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனாளாம், இடம் காலி, உங்கள் மகனை அனுப்புகிறீர்களா என்றார். சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று வைத்தேன்.

அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. சரி என்று சொன்னால், இதற்காகத்தான் இவள் காத்திருந்தாள் என்று அக்கா நினைப்பாளோ? வேண்டாம் என்று சொன்னால், என் தயக்கத்துக்கு என் பிள்ளை விலை கொடுக்கிறான். பூசாரியைக் கேள் என்று சொன்னேனே, அப்போது உண்மையிலேயே அவன் போக வேண்டும் என்றுதான் சொன்னேனா? என்னையே நான் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். கணவருக்குப் போன் போட்டால், அனுப்பு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இரண்டு சொல்லில் முடித்தார். அவருக்குக் கடையில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனிடம் சொன்னேன். குதிப்பான் என்று நினைத்தேன். அவன் பையைக் கழற்றாமலே நின்றான்.

“அது அவன் எடம்மா. நான் போகல.”

எனக்கு அந்த நிமிடம் மாஸ்கோதான் நினைவுக்கு வந்தது. அவனை உட்காரவைத்து, கோடு கோடாக இருந்த அட்டவணையைக் காட்டி, நடுவிலிருந்த அந்த ஒற்றை எண்ணின் கதையைச் சொன்னேன். வராதவர்கள் விட்ட இடத்தில்தான் நம் ஆட்கள் ஆடினார்கள், அதில் தப்பொன்றும் இல்லை என்று விளக்குவதுதான் என் திட்டம். அவன் கேட்ட கேள்விகள் என் திட்டத்தில் இல்லை.

“ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையா?”

“இல்ல.”

“போகாதவங்க இவங்கட்ட பேசுனாங்களா, அப்புறம்?”

தெரியாது என்றேன். இத்தனை நாளில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. போனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்றே தேடிக்கொண்டிருந்தேன். தகுதி பெற்றும் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ ஊர்களில் இருந்திருப்பார்களே. அவர்கள் அந்த ஆட்டங்களின் முடிவைப் பத்திரிகையில் பார்த்தார்களா, பக்கத்தைத் திருப்பிவிட்டார்களா? அவன் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் தேடத் தொடங்கினேன். அவன் போனை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக் கீழே வைத்தான்.

“நான் அவன்ட்டயே கேட்டுட்டு வாரேன்.”

தனியாக விட மனம் வரவில்லை. நானும் கூடவே தெருவைக் கடந்தேன்.

அக்கா மகன் வாசலில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. என் மகன் எதிரே நின்று, சார் கூப்பிடுகிறார், ஆனால் நான் போகவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மற்றவன் பம்பை நிறுத்தவே இல்லை.

“ஏலே, நீ போகலைன்னா பதினாலாவது ஆள கூப்புடுவாரு. அவனுக்கு லே-அப்பே வராது. நம்ம டீமு நாறிப்போகும்.”

“ஒனக்கு ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு. அதுக்கு நீ போகாம இருந்தா சரியாயிருமா?”

சொல்லிவிட்டுப் பந்தை அவன் நெஞ்சைப் பார்த்து எறிந்தான். கொஞ்சம் பலமாகவே எறிந்தான். என் மகன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் கோர்ட்டுப் பக்கம் நடந்தார்கள்.

அக்கா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் போனில் எதையெதையோ காட்டி மகனுக்கு விளக்கினேன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, நிலைப்படியில் வந்து சாய்ந்துகொண்டு, “எதுத்த வீட்டுல இருக்கேன். என்ட்ட கேக்க வேண்டியத போயி போன்ட்ட கேக்குறியே பிள்ள” என்றாள். மகன் நாலு நாளாகத் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இன்றைக்குத்தான் சட்டினி கேட்டான் என்றும் சொன்னாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையாட்டி வேண்டாம் என்றாள். அதற்குள் தெருமுனையிலிருந்து பந்துச் சத்தம் வந்தது.

கிளம்புகிற அன்று பனியன் வந்தது. அதில்தான் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. அணியைத் தேர்ந்தெடுத்த கையோடு பனியன் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் நம்பருக்கு மேலே, முதுகில், அக்கா மகனுடைய பெயர். பதிவுத்தாளில் என் மகன் பெயரை மாற்றியாகிவிட்டது, பனியனை மாற்ற நேரமில்லை, பெயருக்கு மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம் என்றார் பி.டி. சார். நான் கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். அளந்து வெட்டினால் கோணாமல் ஒட்டலாம். இரண்டு பையன்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் மகன் பனியனைச் சுருட்டிப் பையில் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டான். யார் மறுத்தது, யார் சம்மதித்தது என்று எனக்குத் தெரியவில்லை. வேனில் ஏறிய பிறகுதான், ஈரத் துணிக்கு வைத்திருந்த தனிப் பையைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

தீச்சட்டி அன்று விடியலிலிருந்தே தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். அக்கா மகன் வேப்பிலைக்கு மேல் வைத்த சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான். மேளம், கூட்டம், புகை. சட்டியைத் தோளுக்கு மேல் தூக்காமல், முழங்கையை மடக்கி, நெஞ்சுக்கு நேராக ஒரே நிலையில் வைத்திருந்தான். பந்தை எறிவதற்கு முன் அப்படித்தான் வைத்திருப்பான். அதை நினைப்பது தப்போ என்று உடனே தோன்றியது. அக்கா அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

கோயிலிலிருந்து அவர்கள் திரும்பியபோது மதியம் தாண்டியிருந்தது. அவன் குளித்துவிட்டுக் கூடத்தில் தரையில் படுத்திருந்தான். உள்ளங்கை சிவந்திருந்தது. போட்டியை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்று பி.டி. சார் அனுப்பியிருந்தார். என் போனைச் செம்பில் சாய்த்து வைத்து, நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். படம் தெளிவாக இல்லை. பந்து எங்கே என்பதை, எல்லோரும் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டம் பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தது.

இரண்டாம் பாதியில் ஓர் ஆள் மாற்றம். கோட்டோரத்தில் ஏழாம் நம்பர் எழுந்து நிற்பது தெரிந்தது. வர்ணனை செய்தவர் பதிவுத்தாளைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தார். அக்கா மகனுடைய பெயரைச் சொல்லி, இதோ உள்ளே வருகிறார் என்றார்.

மறுபடியும் தரையில் சாய்ந்திருந்த அக்கா மகன் எழுந்து உட்கார்ந்தான். நான் அக்காவைப் பார்க்கத் துணியாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன வேகத்தில் என் மகன் எதிரணிப் பையன் மேல் மோதினான். விசில். மறுபடியும் அதே பெயர், ஃபவுல் என்று.

“எம் மகன் சாமி கும்புட்டு வந்து தேமேன்னு உக்காந்துருக்கான்” என்றாள் அக்கா. “அங்க எவன் மேலயோ போயி மோதுறானாம்ல.”

அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. எது எதற்காக என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, படத்தை இன்னும் கிட்டத்தில் வைக்கச் சொன்னாள்.

என் மகன் ஒரு கூடைகூடப் போடவில்லை. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்து ஒரு ரீபவுண்டு எடுத்தான். அதையும் வர்ணனை செய்தவர் மற்றவன் பெயரில்தான் சொன்னார். அப்போது அக்கா மகன் தலையை லேசாக ஆட்டிக்கொண்டான், தானே எடுத்ததைப் போல. ஆட்டம் முடிந்தது. எங்கள் மாவட்டம் தோற்றது. அத்தோடு போட்டியிலிருந்தும் வெளியே.

கொஞ்ச நேரத்தில் பி.டி. சார் போனிலிருந்து மகன் கூப்பிட்டான். எடுத்ததும் அவன் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

“அவன் பாத்தானா?”

நான் போனை நீட்டினேன். அக்கா மகன் சிவந்த உள்ளங்கையால் பிடிக்க முடியாமல், விரல் நுனியில் வாங்கிக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். வலது பக்கமாகவே ஏண்டா போகிறாய், இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்ததே என்று ஆரம்பித்தான். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, இல்லலே இல்லலே என்று எழுந்தான். பேச்சிலேயே கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போய், காலால் மண்ணில் கோடு கிழித்து, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று, பார்க்க முடியாதவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. சாப்பிட்டாயா, மோதியதில் எங்கேயாவது அடியா, ஈரத் துணியை எதில் வைத்திருக்கிறாய். வாசலில் அக்கா மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் ஒரு விரலை உயர்த்தினான், இன்னும் ஒரு நிமிடம் சித்தி என்று. அக்கா பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்து, பேசட்டும் விடு பிள்ள, நீ வா, காப்பி போடுறேன் என்றாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். காது மட்டும் வாசலில் இருந்தது.